குடிக்கக் கூடாத கோப்பை

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. லுத்ஃபி எழுந்திருக்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர், வந்தவர்கள் அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள் என்று காத்திருந்தார். மனைவி இன்ஸாஃப் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே விட்டு விட்டுத் தூறல். மணி மறுபடியும் அடித்தது.

திரையை விலக்கிப் பார்த்தார். தெருவோரம் வரிசையாகக் கார்கள் நின்றிருந்தன. பழுப்பு மேலங்கி போர்த்திய பெரியவர்கள் தலைத்துணியைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் ஒல்லியாக ஒருவர். மூக்கும் புருவமும் மாணவன் குதைபாவினுடையவை.

லுத்ஃபிக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அவர் கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர்; எல்லாருக்கும் 'டாக்டர்'. இன்னும் ஒரு பருவம் போனால் ஓய்வு. இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் அவரை அரித்துத் தின்றது பாடமோ பிள்ளைகளோ இல்லை; சிபாரிசு. மதிப்பெண் வெளியான மறுநாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். மந்திரி அலுவலகத்திலிருந்து ஒருவர், மச்சினனின் முதலாளி ஒருவர், பழைய ராணுவ அதிகாரி ஒருவர். ஒரு தடவை பல் வைத்தியர், லுத்ஃபியின் வாயைத் திறந்து வைத்துவிட்டு, கையில் கருவியோடு தன் மருமகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாய் திறந்தபடியே லுத்ஃபி தலையை ஆட்டி மறுத்தார். யாருக்கும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை. கட்டிய கட்டடங்களெல்லாம் கைவிட்டுப் போன பிறகு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்.

கைவிட்டுத்தான் போயிருந்தன. ஜெர்மனியில் படித்துவிட்டு இளைஞனாகத் திரும்பி வந்து ஸர்காவில் அவர் கட்டிய காய்கறிச் சந்தையை, வளைவு வளைவாகக் காற்று நுழையும்படி கட்டியதை, நகராட்சி பூட்டிப் போட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. பெண்கள் பள்ளிக்கூடத்தின் மேல் யாரோ இரண்டு மாடி ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து கூரை ஒழுகுகிறது. நூலகத்தின் கல் சுவரை நீலக் கண்ணாடியால் மூடிவிட்டார்கள். முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது அந்தப் பக்கம் வண்டி போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

புதன்கிழமை குதைபா பிடித்து இழுத்தது அந்தப் புண்ணைத்தான். கடைசி வருஷ மாணவன். பட்டத்துக்கான வரைபடங்களைச் சுவரில் மாட்டி, ஆசிரியர்கள் முன்னால் விளக்க வேண்டிய நாள். பாதி வரைபடங்கள் முடியவே இல்லை. இது போதாது, அடுத்த பருவம் மறுபடி செய்துகொண்டு வா என்றார் லுத்ஃபி. கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார், அது இன்னும் மோசமாகப் பட்டிருக்கும். பையன் தாள்களைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தான்.

"நீங்க கட்டினதெல்லாம் இப்ப எங்க டாக்டர் இருக்கு? சந்தையைப் பூட்டிட்டாங்க. ஸ்கூலு ஒழுகுது. மனுசன் புழங்க முடியாததா கட்டினவரு எனக்கு மார்க் போட வந்துட்டீங்க."

கூடம் முழுக்கக் கேட்டது. லுத்ஃபி அடுத்த மாணவியைக் கூப்பிட்டார்.

இப்போது அவன் தகப்பனார் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இதற்கு ஜாஹா என்று பெயர். பெண் கேட்கவும், வெட்டுக்குத்தைச் சமாதானம் பண்ணவும், எதையாவது கேட்டுப் பெறவும் பெரியவர்கள் இப்படித் திரண்டு போவார்கள். வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். வந்தவர்கள் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கேட்டதைத் தருகிறேன் என்று சொன்னால்தான் குடிப்போம் என்பார்கள். குடிக்காத காப்பியோடு வந்தவர்களை அனுப்புவது வீட்டுக்கு அவமானம். ஆகவே, லுத்ஃபியின் கணக்கில், கோப்பை கீழே இறங்குவதற்கு முன்னால் மறுத்துவிடுவதுதான் தப்பிக்கும் வழி.

கதவைப் பாதி திறந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றார். தகப்பனார் ஸலாம் சொன்னார். லுத்ஃபி பதில் ஸலாம் சொன்னார். அடுத்த வார்த்தைக்கு அவர்களை விடவில்லை.

"மார்க் விஷயமா வந்திருந்தீங்கன்னா தயவுசெஞ்சு வேணாம். அதுக்கு இந்த வீட்ல காப்பி கிடையாது."

கூட்டத்திலேயே வயதானவர், கைத்தடியை ஊன்றி நின்றவர், "மகனே, நாங்க வந்தது..." என்று தொடங்கினார். தகப்பனார் அவர் முழங்கையை மெல்லப் பிடித்தார்.

"வேணாம் மாமா. வீட்டுக்காரர் பேசிட்டாரு."

கிழவரைத் தாங்கிப் பிடித்து ஈரப் படிகளில் இறக்கினார்கள். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. லுத்ஃபி உள்ளே வந்து அடுப்பருகில் உட்கார்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு தன்னை நினைத்துக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அந்தத் திருப்தி, எதிர்க்கடை அபூ ஸுஹைர் வரும்வரைதான் நீடித்தது. மருந்துக் கடைக்காரர். வீட்டுச் செருப்போடு குடையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். வந்தவர்கள் அவரிடம்தான் வழி கேட்டிருந்தார்கள். கேட்டதோடு வந்த காரியத்தையும் சொல்லியிருந்தார்கள். பையன் புதன்கிழமை சாயங்காலமே ஊருக்குப் போய், தான் என்ன பேசினான் என்று தகப்பனிடம் தானே சொல்லிவிட்டானாம். தகப்பன் இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை. வாத்தியாரைச் சபையில் வைத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்.

"மார்க்கைப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வழியிலேயே சொல்லிக் கூட்டியாந்தாராம், அபூ ரம்ஸி. பையன் ஃபெயிலானது நியாயம்தான்னு அவரே எங்கிட்ட சொன்னாரு." ரம்ஸியின் தகப்பன் என்று, மகன் பேரை வைத்துத்தான் அவர் லுத்ஃபியைக் கூப்பிடுவார்.

லுத்ஃபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இரவு சாப்பாட்டின்போது இன்ஸாஃப் முழுவதையும் கேட்டாள். அவள் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவரைக் கடிந்துகொள்வதற்குக்கூட அளந்துதான் வார்த்தை எடுப்பாள். ரொட்டியைப் பிய்த்து ஆலிவ் எண்ணெயில் தொட்டபடி சொன்னாள்:

"தொழுகையை முடிச்சு இமாம் ஸலாம் குடுக்கறதுக்கு முன்னாடியே பாயைச் சுருட்டிட்டு எந்திரிச்சிட்டீங்க. இத்தனை வருசமா கெட்டவங்களை வாசல்லயே நிறுத்திப் பழகி, நல்லவங்க வந்தாலும் அடையாளம் தெரியல."

*

ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்தில் அடுத்த செய்தி காத்திருந்தது. குதைபாவின் வகுப்புத் தோழி தீமா தயங்கித் தயங்கி அறைக்குள் வந்து சொன்னாள். அவன் இனி வரமாட்டான். மாமாவை மழையில் நிற்க வைத்த மனிதரின் வகுப்பில் என் மகன் உட்கார மாட்டான் என்று தகப்பனார் சொல்லிவிட்டார். அகபா துறைமுகத்தில் சொந்தக்காரர் ஒருவர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். வியாழக்கிழமைக்குள் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதியாவிட்டால் அவன் படிப்பு அவ்வளவுதான்.

"அவன் கெட்டவன் இல்ல டாக்டர். போன மாசம் முழுக்க அவங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தாரு. அதான் வரைஞ்சு முடிக்கல. உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டான்."

அவள் போன பிறகு லுத்ஃபி மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். மதிப்பெண் சரிதான். அதில் அவருக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் சரியான மதிப்பெண் ஒன்றைப் போட்டுவிட்டு, தப்பான கதவு ஒன்றைச் சாத்தி, ஒரு பையனின் படிப்பை முடித்துவைத்தாகிவிட்டது. வேலையின் கடைசி வருஷத்தில் இப்படி ஒன்று பாக்கி இருந்திருக்கிறது.

தகப்பனாரின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீனிடம் போனார். ஒரு மாணவன் குறைந்தால் என்ன, நீங்கள் வேறு போகிற நேரத்தில் எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று டீன் அன்பாகவே சொல்லி, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

நேரில்தான் போக வேண்டும். ஆனால் தனியாகப் போக முடியாது. பெரிய மனிதர்களோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒற்றை ஆளாகப் போய் நின்றால், அது இரண்டாவது அவமதிப்பு. ஆட்களோடு போக வேண்டும். பேசுவதற்கு ஒரு வாய் வேண்டும். தப்புச் செய்தவன் தனக்காகத் தானே பேசுவது வழக்கமில்லை. லுத்ஃபி யாரைக் கூப்பிடுவார்? ஒரு தம்பி குவைத்தில், இன்னொருவன் சிகாகோவில், மகன் ரம்ஸி மாண்ட்ரீலில். ஊரில் துக்க வீடென்றால் வரைபடம் கிடக்கிறது என்பார். கல்யாணமென்றால் தலைவலி என்பார். பிறருடைய ஜாஹாவுக்குக் கூப்பிட்டால் எனக்கு இதெல்லாம் சரிப்படாது என்பார். அடுத்தவன் நடையில் நாம் நடக்காவிட்டால் நம்முடைய நடை தனியாகத்தான் இருக்கும். அதை மனிதன் கால் வலிக்கிற வயதில்தான் தெரிந்துகொள்கிறான்.

"அபூ ஷாகிர்கிட்ட போங்க," என்றாள் இன்ஸாஃப்.

"அவனா? அவன் எம் மூஞ்சியப் பாத்து எத்தனை வருசம்!"

"நீங்கதான் அவர் மூஞ்சியப் பாக்கல. பெருநாளைக்குப் பெருநாள் எனக்கு ஸலாம் சொல்லி அனுப்புவாரு. நான் உங்ககிட்ட சொன்னதில்ல."

அபூ ஷாகிர் ஒப்பந்தக்காரர். ஸர்கா சந்தையை லுத்ஃபி வரைய, அவர் கட்டினார். சிமெண்ட் கலவை சரியில்லை என்று நின்ற தூணை லுத்ஃபி உடைக்கச் சொன்னார். தளம் முழுக்கக் கேட்க அபூ ஷாகிர் அவரைத் திட்டினார், திட்டிக்கொண்டே உடைத்தார். அதோடு பேச்சு நின்றது.

அவருடைய அலுவலகம் ஸுவைலிஹில், தரை டைல்ஸ் பெட்டிகளுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவில் இருந்தது. லுத்ஃபி உள்ளே நுழைந்ததும் அபூ ஷாகிர் நாற்காலியிலிருந்து எழவில்லை. தொப்பை எழவிடவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க டாக்டர். எந்தத் தூணை உடைக்கணும்?"

லுத்ஃபி உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குக் கிழவன் குரலாகக் கேட்டது. உதவி கேட்கத் தெரியாதவர் கேட்கும்போது காரணங்களையே சொல்லிக்கொண்டு போவார், கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார். அபூ ஷாகிர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"எப்பப் போகணும்?"

"வியாழக்கிழமைக்கு முன்னாடி."

"அப்ப செவ்வாக்கிழமை. அவங்க ஊரு அஜ்லூன்ல எனக்கு ஆள் இருக்கு. நாங்க வர்றோம்னு சொல்லி அனுப்பறேன். எங்கண்ணன் ஹாஜியாரு வருவாரு. அவரு பேசமாட்டாரு, ஆனா தாடி பெரிசு, பாக்க நல்லா இருக்கும்." பிறகு தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "பேசறது நானா?"

"வேற யாரு இருக்கா?"

"உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசணும். ரெண்டு நாள்தான் இருக்கு, நான் யோசிக்க."

*

செவ்வாய்க்கிழமை அபூ ஸுஹைர் மருந்துக் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்தார். அபூ ஷாகிரின் பழைய வண்டியில் நாலு பேர். ஜாஹா என்றால் பத்து வண்டியாவது போக வேண்டும், நம்முடையது ஒரே வண்டி, அதிலும் பிரேக் சரியில்லை என்று அபூ ஷாகிர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வானொலி அலறியது. ஜரஷ் தாண்டியதும் மலைப்பாதையில் மூடுபனி இறங்கியிருந்தது. லுத்ஃபிக்கு முந்தின இரவு தூக்கமில்லை. வரவேண்டாம் என்று குதைபாவின் தகப்பனார் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதவை யாருக்கும் சாத்திப் பழக்கமில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாக்கியம் லுத்ஃபியோடு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

வீட்டு முன்கூடம் நீளமானது. சுவரோடு சுவராக மெத்தைகள். நடுவில் ஆலிவ் விறகு எரியும் இரும்படுப்பு. வெள்ளிக்கிழமை வந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கைத்தடிக் கிழவர் மூலையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். தகப்பனார் அபூ நாயிஃப் எழுந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். லுத்ஃபிக்கும் கொடுத்தார், அந்தக் கை ஐந்து விரலோடு முடிந்தது, அதில் வேறெதுவும் இல்லை.

காப்பி வந்தது. கொண்டு வந்தவன் குதைபா. வீட்டின் இளைய மகன்தானே ஊற்ற வேண்டும். இடது கையில் நீளமூக்குப் பாத்திரம், வலது கையில் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளின் அடுக்கு. வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அபூ ஷாகிர் கோப்பையை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்தார். ஹாஜியார் வைத்தார். அபூ ஸுஹைர் வைத்தார். கடைசியாக லுத்ஃபியின் முறை.

லுத்ஃபியின் மனம் அப்போது அந்தக் கூடத்திலேயே இல்லை. கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஈரப் படிகளை, கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திய சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தார். கைக்கு வந்த கோப்பை ஏலக்காய் மணத்தோடு சூடாக இருந்தது. வாழ்நாளெல்லாம் எத்தனையோ வீடுகளில் வாங்கிக் குடித்த அதே பழக்கத்தில் அதை வாயில் ஊற்றிக்கொண்டார்.

"உங்க காப்பி இப்ப நாங்க குடிக்க வரல, அபூ நாயிஃப்," என்று ஆரம்பித்த அபூ ஷாகிர், பக்கத்தில் திரும்பி, காலிக் கோப்பையைப் பார்த்து நிறுத்தினார்.

குடித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். யாருக்காக ஜாஹா வந்ததோ அவரே குடித்துவிட்டார். எதிர்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் சிரிப்பை அடக்கத் தலைத்துணியை மூக்குவரை இழுத்தார். அபூ ஸுஹைர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு துஆ ஓதி வேண்டுவதுபோல அசைந்தது. லுத்ஃபிக்குத் தன் கையிலிருப்பது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. முகம் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

குதைபா இன்னும் அவர் முன்னால்தான் நின்றிருந்தான். ஒரு கணம் அந்தக் கோப்பையைப் பார்த்தான். பிறகு, சபைக்கு முதுகு காட்டிக் குனிந்து, அவர் விரலிடுக்கிலிருந்து கோப்பையை வாங்கினான். மறுபடி ஊற்றினான். ஊற்றியதை அவர் கையில் கொடுக்காமல் தானே தரையில், மற்ற மூன்று கோப்பைகளுக்கு நேராக வைத்தான். அப்புறம், ஒன்றுமே நடக்காதது போல, அடுப்புப் பக்கம் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்யும் பெரிய உபகாரம் பல சமயம் இவ்வளவுதான்: விழுந்ததைப் பார்த்துவிட்டு, விழவில்லை என்று நடந்துகொள்வது. அல்லாஹ் நம்மிடம் காட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

அபூ ஷாகிர் மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். இரண்டு நாளாக யோசித்து வைத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். வேறு எதையோ பேசினார்.

"இவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நான் கட்டின தூணை இவரு உடைக்க வெச்சாரு. அன்னிக்கு நான் திட்டின திட்டு இவரு பாட்டனாருக்கும் கேட்டிருக்கும். அப்புறம் ஒரு வருசம் பொறுத்து பூமி ஆடிச்சு, ஞாபகமிருக்கா? சந்தைல ஒரு கீறல் விழல. அப்பவும் நான் வந்து நன்றின்னு சொல்லல. வெக்கம். இவருக்கு ஜனங்களோட புழங்கத் தெரியாது, அது நெஜம். வாசல்ல வந்தவங்களை உக்கார வெக்கத் தெரியாது. கல்லைத்தான் சரியா வெக்கத் தெரியும். இவருக்கு இங்க அண்ணன் தம்பி இல்ல. இன்னிக்கு நான் அண்ணன்னு வந்திருக்கேன். நடந்ததை மன்னிச்சு, பையனைப் படிப்புக்குத் திரும்ப அனுப்புங்க. இது கெடைக்காம இந்தக் காப்பியை நாங்க தொடமாட்டோம்."

அபூ நாயிஃப் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு விறகைத் தள்ளினார். குனிந்தபோது வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது லுத்ஃபிக்கு.

"டாக்டர் காப்பியைக் குடிச்சாரு," என்றார் அபூ நாயிஃப், அடுப்பைப் பார்த்தபடி. "நான் பாத்தேன். எங்க வழக்கத்துல அத்தோட பேச்சு முடிஞ்சுது. முடிஞ்சதுன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். மனசு அப்படித்தான் இருந்தது." நிமிர்ந்தார். "ஆனா எம் பையன் ஊத்தி வெச்சுட்டான். எம் பையன் கீழ வெச்ச கோப்பையை நான் எடுத்துக் கொட்டிர முடியாது."

லுத்ஃபி எழுந்தார். தான் பேசக் கூடாது என்பது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. ஞாபகம் இருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். கூடத்தைக் கடந்து மூலைக்குப் போய், கைத்தடிக் கிழவரின் முன்னால் மண்டியிட்டு, அவர் தலையில் முத்தமிட்டார்.

"உங்களை மழைல நிக்க வெச்சுட்டேன், பெரியவரே."

"நான் என்ன உப்பா, கரைஞ்சு போக?" என்றார் கிழவர். கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து லுத்ஃபியின் கன்னத்தைத் தட்டினார். "எந்திரி. உனக்கு முட்டி வலிக்கும். வயசாயிருச்சு உனக்கு."

கூடம் முழுக்கச் சிரித்தது. இறுக்கம் விட்டது. அபூ நாயிஃப் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார்.

"பையன் வருவான். நாளைக்கே போயிப் பேரு பதிவான். ஆனா ஒண்ணு. அவனுக்கு மார்க் போடற எடத்துல நீங்க இருக்கக் கூடாது டாக்டர். அவன் வரையறதை நீங்க பாக்கவும் கூடாது. நாளைக்கு அவன் பாஸானா, ஜாஹா வந்து வாங்கினதுன்னு எவனும் சொல்லக் கூடாது. உங்களையும் சொல்லக் கூடாது. அந்தப் பேரைக் காப்பாத்திக்கத்தான அன்னிக்குக் கதவைச் சாத்தினீங்க."

லுத்ஃபி இதை எதிர்பார்க்கவில்லை. வண்டியில் வரும்போதெல்லாம், தூக்கமில்லாத அந்த இரவிலும், அவர் மனதுக்குள் ஒரு ஆசை வளர்ந்திருந்தது. இந்தப் பையனைக் கடைசிப் பருவத்தில் தானே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரைபடமாக முடிக்க வைத்து, நியாயமாகத் தேற வைத்துவிட்டு, அந்த ஒன்றோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று. கட்டியதெல்லாம் போனாலும் இது போகாது என்று. அபூ நாயிஃப் கேட்பது சரி. சரியான ஒன்றுக்கு எதிராக அவரிடம் எப்போதுமே வாதம் இருந்ததில்லை.

"சரி," என்றார்.

"அப்ப குடிங்க. ஆறுது."

குடித்தார்கள். ஆறித்தான் போயிருந்தது. குதைபா எல்லாக் கோப்பைகளையும் வாங்கி, சூடாக மறுபடி ஊற்றிக்கொண்டு வந்தான். லுத்ஃபியிடம் வந்ததும் குனிந்து அவர் தலையில் முத்தமிட்டான்.

"நான் பேசினது தப்பு டாக்டர்."

"ஸ்கூல் ஒழுகறது நெஜம்தான்."

பையன் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். "சந்தையைப் பூட்டினது நீங்க இல்லையே," என்றான் மெதுவாக.

"இல்ல. ஆனா ஏன் பூட்டினீங்கன்னு நான் யாரையும் போயிக் கேக்கவும் இல்ல."

அதற்குள் அபூ நாயிஃபின் வீட்டில் சோற்றுத் தாம்பாளங்கள் வந்துவிட்டன. ஆட்டிறைச்சி, மோர்க்குழம்பு. சாப்பிடாமல் விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டார்கள். அபூ ஷாகிர் யார் பிடிக்கவும் காத்திருக்கவில்லை. ஹாஜியார் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்து, இறைச்சி நன்றாக வெந்திருக்கிறது என்றார்.

திரும்பும்போது மூடுபனி இன்னும் அடர்ந்திருந்தது. அபூ ஷாகிருக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. காப்பியைக் குடித்த கதையை ஸுவைலிஹ் முழுக்கச் சொல்லப் போவதாகவும், தன் பேரப்பிள்ளைகளுக்கு வரைந்தே காட்டப் போவதாகவும் சொன்னார். லுத்ஃபி பின்சீட்டில் தலையைச் சாய்த்திருந்தார். சிரிக்க வேண்டும் போலிருந்தது, முகம் ஒத்துழைக்கவில்லை. இனி அந்தப் பையனுடைய வரைபடங்கள் இருக்கும் அறையைக் கடந்து போகும்போது உள்ளே பார்க்கக் கூடாது. ஒரு பருவம் முழுக்க. கஷ்டம்தான். ஆனால் அவன் அந்த அறையில் இருப்பான். கதவுக்கு வெளியே தான் நடந்து போகலாம்.

கண் செருகியது. வண்டி வளைவுகளில் மெல்லத் திரும்புவது தெரிந்தது. அபூ ஷாகிர் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

"தூங்கிட்டாரா?" என்று முன்சீட்டிலிருந்து அபூ ஸுஹைரின் குரல் கிசுகிசுத்தது.

"தூங்கட்டும். நீயும் பேசாம வா," என்றது அபூ ஷாகிரின் குரல். வானொலி நின்றது.